சுரண்டியெடுத்த பழைய சாலைக் கழிவில் ஜல்லியையும் பிட்டுமினையும் பிரிக்க, கேடில்லாத வழி இருக்கிறதா?

சாலைமாணவி:

எல்லாருக்கும் வணக்கம். சிவில் கடைசி வருடம் படிக்கிறேன். மில்லிங் மிஷின் சுரண்டியெடுத்த பழைய சாலைக் கழிவைத்தான் புராஜெக்டுக்கு எடுத்திருக்கிறேன். அதில் ஜல்லியைத் தனியாக, ஜல்லியை ஒட்ட வைக்கும் கறுப்புப் பசையான பிட்டுமினைத் தனியாகப் பிரித்து இரண்டையும் மறுபடி பயன்படுத்த முடியுமா என்று பார்க்க வேண்டும், ஆனால் பிரிக்கிற வழி மண்ணையோ தண்ணீரையோ பிரிப்பவரின் நுரையீரலையோ கெடுக்கக் கூடாது. இது நானே போட்டுக்கொண்ட நிபந்தனை.

காரணம் இதுதான். பிட்டுமின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டொலுயீன் என்ற கரைப்பானை ஊற்றி சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினோம், அன்றைக்கு ஆவியை வெளியே இழுக்கும் விசிறி ஓடவில்லை. ஒரு மணி நேரத்தில் தலை பாரமாகிவிட்டது, அந்த நெடி சாயங்காலம் வரை சட்டையை விட்டுப் போகவில்லை. ஒரு கிலோ மாதிரிக்கே இப்படி என்றால் இதை டன் கணக்கில் செய்வதை யோசிக்கவே பயமாக இருந்தது.

சரி, தண்ணீரில் முயன்று பார்க்கலாம் என்று வாஷிங் சோடா கரைத்த தண்ணீரை 90 டிகிரிக்குச் சூடாக்கி, கழிவைப் போட்டு அரை மணி நேரம் கிளறினேன். ஒரு கருங்கல் துண்டில் கறுப்புப் படலம் ஓரத்திலிருந்து சுருண்டு சுருண்டு, கடுகளவு மணிகளாகத் திரண்டு கல்லின் முதுகில் உட்கார்ந்தது, அதன் கீழே சுத்தமான சாம்பல் நிறக் கல் தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் பக்கத்திலேயே கிடந்த வெளிறிய நிறக் கல்லில் படலம் அசையவே இல்லை. திரண்ட மணிகளும் மேலே மிதந்து வரவில்லை, கிளறுவதை நிறுத்தியதும் எல்லாம் அடியில் போய் நுண்தூளோடு சேர்ந்து கறுப்புக் களியாக ஒட்டிக்கொண்டது. மேலே நின்ற தண்ணீர் மறுநாள் காலையிலும் பழுப்பாகத்தான் இருந்தது, தெளியவில்லை.

ஒரே பாத்திரத்தில் ஒரு கல் விடுகிறது, இன்னொரு கல் ஏன் விடவில்லை? ஆரஞ்சுத் தோலில் கிடைக்கும் லிமோனீனை எல்லோரும் பசுமைக் கரைப்பான் என்கிறார்களே, அது உண்மையிலேயே கேடில்லாததுதானா? இதெல்லாம் ஆய்வகத்துக்கு வெளியே நடக்கிற காரியமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பிளாண்ட்காரன்:

தங்கச்சி, ஜல்லியையும் பிட்டுமினையும் சூடாகக் கலக்கிற ஹாட் மிக்ஸ் பிளாண்டில் பல வருஷமாக வேலை செய்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: கழிவைத் திரும்பப் பயன்படுத்துவதற்குக் கல்லையும் பிட்டுமினையும் முழுசாகப் பிரிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. 1973 எண்ணெய் நெருக்கடியில் பிட்டுமின் விலை ஏறிய பிறகு பல நாடுகளில் சூடான மறுசுழற்சி வேகமெடுத்தது, அன்றிலிருந்து இன்றுவரை பிளாண்ட் செய்வது இதைத்தான்: பழையதைப் பழைய படலத்தோடேயே சூடாக்கி, புது ஜல்லியும் புது பிட்டுமினும் சேர்த்துக் கலப்பது. பழைய பிட்டுமின் இறுகிப் போயிருந்தால் அதை இளக்குகிற எண்ணெய் கொஞ்சம் சேர்ப்போம்.

பிளாண்டில் நாங்கள் பிரிப்பு என்று சொல்வது சல்லடைப் பிரிப்பை. வந்த கழிவை அப்படியே ஒரே குவியலாகப் போடாமல், கட்டிகளை உடைத்து, பெரியது சிறியது என்று இரண்டு மூன்று குவியலாகப் பிரிப்போம். இது சாதாரண வேலை மாதிரி தெரியும், ஆனால் பலன் பெரிது. பொதுவாக ஒரு சாலைக் கலவையின் எடையில் 5 சதவீதம் அளவில்தான் பிட்டுமின், மற்றதெல்லாம் கல். அந்த 5 சதவீதமும் எல்லா அளவுக் கல்லிலும் சமமாக இருக்காது. பொடிக்குப் பரப்பு அதிகம், அதனால் பொடிக் குவியலில் பிட்டுமின் தூக்கலாக இருக்கும், பெரிய ஜல்லிக் குவியலில் குறைவாக இருக்கும். குவியல் தனித்தனியாக இருந்தால் எதில் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது கைக்குள் நிற்கும். ஒரு சொட்டு ரசாயனம் கிடையாது.

அப்புறம் ஈரம். இதை யாரும் பேசுவதே இல்லை, எனக்கு அதில் ரொம்ப ஆதங்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கல்லை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 0.9 கிலோஜூல் வேண்டும் என்று வைத்தால், 1 டன் உலர்ந்த கழிவை 25 டிகிரியிலிருந்து 150க்கு ஏற்ற 110 மெகாஜூல் சொச்சம் போதும். அதே கழிவில் 5 சதவீதம் ஈரம் இருந்தால் அந்த 50 கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக விரட்ட மட்டும் கிட்டத்தட்ட 130 மெகாஜூல் போய்விடும். கல்லைச் சூடாக்குவதைவிடத் தண்ணீரை விரட்டத்தான் எண்ணெய் அதிகம் எரிகிறது! குவியலுக்கு மேல் ஒரு கூரை போட்டாலே பாதிப் பசுமை வந்துவிடும் என்று நான் சொல்வது அதனால்தான். தார்ப்பாயை ஒட்டப் போர்த்தாதீர்கள், உள்ளே வியர்த்து ஈரம் அங்கேயே நிற்கும். காற்று புகும்படி உயரத்தில் கூரை வேண்டும்.

இப்போது உங்கள் சோடாத் தண்ணீர். 1 டன் கழிவுக்கு 1 டன் தண்ணீர் என்று வைத்துக்கொண்டாலும், அதை 90 டிகிரிக்கு ஏற்ற 270 மெகாஜூல், கூடவே கல்லுக்கு 60. அந்தச் சூட்டைத் திரும்பப் பிடித்து அடுத்த சுற்றுக்குக் கொடுக்கவில்லை என்றால், பிரிக்காமல் நேரே சூடாக்குவதைவிட மூன்று மடங்கு செலவாகும். அதோடு வெளியே வருகிற கல் நனைந்த கல், அதை மறுபடி உலர்த்த வேண்டும். முயற்சி செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை, இந்தக் கணக்கையும் புராஜெக்டில் ஒரு பக்கமாவது போடுங்கள்.

வேதிக்குடுவை:

பிளாண்ட்காரர் சொன்ன ஈரக் கணக்கை நானும் எடுத்து வைத்துக்கொண்டேன், அருமை. நான் வேதியியல் பக்கம்.

சகோதரி, உங்கள் இரண்டு கல் விஷயத்துக்கு வருகிறேன். கருங்கல், குவார்ட்சு மாதிரி சிலிக்கா மிகுந்த கற்களுக்குத் தண்ணீர்மேல்தான் பிரியம் அதிகம். சூடான தண்ணீர் படலத்தின் ஓரத்தில் ஒரு இடுக்கு கண்டுபிடித்து உள்ளே நுழைந்தால், கல் பிட்டுமினை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த சுருண்ட ஓரமும் கடுகு மணியும் அதுதான். சுண்ணாம்புக் கல் அப்படியில்லை, அதன் மேற்பரப்பு காரத் தன்மை கொண்டது, பிட்டுமினில் இருக்கும் லேசான அமிலங்களை இறுகப் பிடித்துக்கொள்ளும். உங்கள் வெளிறிய கல் சுண்ணாம்புக் கல்லாக இருக்கலாம், ஒரு துண்டைச் சுரண்டி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள், நுரைத்தால் உறுதி. மழையில் படலம் உரிந்து சாலை குழி விழுவதும் இதே காரணத்தால்தான். சாலை போடுகிறவர்கள் எதைத் தடுக்கப் பாடுபடுகிறார்களோ அதையே நீங்கள் வேண்டுமென்று செய்யப் பார்க்கிறீர்கள், அதனால் உரிதலைத் தடுப்பது பற்றி அவர்கள் எழுதி வைத்ததையெல்லாம் தலைகீழாகப் படித்தால் உங்களுக்கு நிறையக் கிடைக்கும்.

மணிகள் ஏன் மிதக்கவில்லை? அறை வெப்பத்தில் பிட்டுமினின் அடர்த்தி 1.02, 1.03 என்று தண்ணீரை ஒட்டித்தான் இருக்கும். சூடாக்கினால் பிட்டுமின் லேசாகும், ஆனால் தண்ணீரும் கூடவே லேசாகும், 90 டிகிரியில் தண்ணீர் 0.965தான். ஆக அது தானாக மேலே வராது. கனடாவின் ஆல்பர்ட்டாவில், இயற்கையாகவே பிட்டுமின் கலந்து கிடக்கிற எண்ணெய் மணலிலிருந்து அதைப் பிரித்தெடுக்க கார்ல் கிளார்க் 1920களில் உருவாக்கிய சுடுநீர் முறையிலும் காற்றுக் குமிழிதான் அதைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது. அடியிலிருந்து நுண்ணிய குமிழி விட்டுப் பாருங்கள், மீன் தொட்டிக்குப் போடும் காற்றுக் கல் போதும்.

ஆனால் எண்ணெய் மணலுக்கு வேலை செய்தது சாலைக் கழிவுக்கும் அப்படியே செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். ஆல்பர்ட்டா மணலில் மணல் துகளுக்கும் பிட்டுமினுக்கும் நடுவே மெல்லிய நீர்ப் படலம் இருக்கிறது என்று சொல்வார்கள், அதனால் சுலபமாக விடுகிறது. சாலைக்குப் போகிற ஜல்லியையோ பிளாண்டில் 150 டிகிரிக்கு மேல் காய வைத்து, ஒரு துளி ஈரம் இல்லாமல் செய்து, அதன்மேல்தான் பிட்டுமினைப் பூசுகிறோம். நேரடி ஒட்டு. அதற்கு மேல் பல வருஷ வெயிலில் பிட்டுமின் ஆக்சிஜனை வாங்கி இறுகியிருக்கும், கீட்டோன், சல்ஃபாக்சைடு என்ற ஆக்சிஜன் ஏறிய சேர்மங்கள் கூடியிருக்கும், இளகலான பகுதி குறைந்து அஸ்ஃபால்டீன் என்ற கனமான, இறுக்கமான பகுதி ஏறியிருக்கும். ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கும் ஊசி ஊடுருவல் அளவு (குறைந்தால் இறுக்கம் அதிகம்) 60, 70 என்று போட்ட சரக்கு 20க்குக் கீழே இறங்கியிருப்பதும் உண்டு. அந்த இறுக்கத்தில் 90 டிகிரி சூடு போதாது, அதை முதலில் இளக்க ஏதாவது வேண்டும்.

தெளியாத பழுப்புத் தண்ணீர்தான் எனக்கு உண்மையான கவலை. ஆல்பர்ட்டாவில் அந்தக் கலங்கல் பெரிய பெரிய குளங்களாக நிற்கிறது, அதில் நுண்களிமண் பத்தாண்டுகள் ஆனாலும் முழுசாகப் படிவதில்லை. டொலுயீன் வேண்டாம் என்று தண்ணீருக்கு வந்து, கடைசியில் காரமும் எண்ணெயும் தூளும் கலந்த ஒரு குளத்தை உண்டாக்கிவிடக் கூடாது. அதே தண்ணீரை எத்தனை சுற்றுக்கு மீண்டும் பயன்படுத்த முடிகிறது என்று கட்டாயம் அளந்து எழுதுங்கள்.

லிமோனீன் பற்றி: நன்றாகக் கரைக்கும், சந்தேகமில்லை. தாவரத்திலிருந்து வருகிறது, புற்றுநோய்ப் பட்டியலில் இருக்கும் ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அந்த ட்ரைகுளோரோஎத்திலீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 ஏப்ரலுக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் தொழிற்சாலைகள் அதைத் தொட முடியாது. ஆனால் லிமோனீனும் நிரபராதி இல்லை. காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் ஆன லிமோனீன் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும், நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, தீப்பொறி பட்டால் 48 டிகிரி அளவிலேயே அதன் ஆவி பற்றிக்கொள்ளும். வாசனை நன்றாக இருக்கிறதே என்று மூடாமல் வைத்து வேலை செய்துவிடாதீர்கள்.

இன்னொரு சிக்கல், அதன் கொதிநிலை 176 டிகிரி. டொலுயீன் 111 டிகிரியிலேயே கிளம்பிவிடும். லிமோனீனைக் கொதிக்க வைத்தே விரட்டப் பார்த்தால் ஏற்கெனவே முதுமை அடைந்த பிட்டுமின் இன்னும் முதுமை அடையும், விரட்டாமல் விட்டால் அரை சதவீதம் தங்கினாலும் பிட்டுமின் இளகிப்போய் உங்கள் சோதனை முடிவெல்லாம் பொய்யாகும். இதற்கு நீராவி நல்ல வழி, நீராவியோடு சேர்ந்தால் லிமோனீன் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே வெளியேறிவிடும், குளிர்வித்தால் தண்ணீரும் லிமோனீனும் தானாக இரண்டு அடுக்காக நிற்கும், மேலே நிற்பதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். என் கணக்கில் ஒரு கரைப்பான் பசுமையா இல்லையா என்பது அது எதிலிருந்து வந்தது என்பதில் இல்லை, உள்ளே ஊற்றியதில் எவ்வளவு திரும்பக் கையில் வருகிறது என்பதில்தான் இருக்கிறது. ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள்.

சாலைமாணவி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அமிலச் சொட்டு விட்டுப் பார்த்தேன், வெளிறிய கல் சட்டென்று நுரைத்தது, கருங்கல் சும்மா கிடந்தது. சுண்ணாம்புக் கல்தான்.

பிளாண்ட்காரர் அண்ணா, ஒரு சந்தேகம். முழுசாகப் பிரிக்கத் தேவையில்லை என்றால் எந்த இடத்தில்தான் பிரித்தே ஆக வேண்டும் என்று சொல்வீர்கள்?

பிளாண்ட்காரன்:

நல்ல கேள்வி. நான் பார்த்தவரை மூன்று சந்தர்ப்பம். சோதனைக்கு என்று எடுக்கிற மாதிரி, அதைப் பிரிக்காமல் பிட்டுமின் தரம் தெரியாது. 538 டிகிரி உலையில் எரித்து அளவு பார்ப்பது உண்டு, கரைப்பானே வேண்டாம், ஆனால் பிட்டுமின் புகையாகப் போய்விடும், அது எவ்வளவு இறுகியிருந்தது என்று தெரியாது, சில சுண்ணாம்பு வகைக் கற்களும் அந்தச் சூட்டில் எடை குறைந்து கணக்கைக் கெடுக்கும். அப்புறம் பல சாலைகளிலிருந்து வந்த கழிவு ஒன்றாகக் கலந்துபோன குவியல், எது எதில் எவ்வளவு என்றே தெரியாதபோது. அடுத்தது, மேல்தளத்துக்கு என்றே தேடி வாங்கிய, டயர் தேய்த்தாலும் வழவழப்பாகாத உயர்தரக் கல். அது கிடைப்பதற்கு அரிது, அதைப் பொடியோடு சேர்த்து அடித்தளத்தில் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. அந்தக் கல்லுக்காகப் பிரிக்கலாம், பெரிய அளவுக் குவியலை மட்டும் எடுத்து, ஒன்றோடொன்று உரசவிட்டு மேல்படலத்தைக் கழற்றினாலே கல்லின் பெரும்பகுதி வெளியே தெரிய ஆரம்பிக்கும், நூறு சதவீதம் சுத்தம் எதற்கு, எப்படியும் மறுபடி பிட்டுமின்தானே பூசப்போகிறோம்.

கருநிழல்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. நம் பேச்சில் சாலையில் ஊற்றுகிற கறுப்பு எல்லாமே தார்தான். ஆனால் பெட்ரோலியத்திலிருந்து வருகிற பிட்டுமின் வேறு, நிலக்கரியிலிருந்து வருகிற உண்மையான தார் வேறு. பழைய காலத்துச் சாலை அடுக்குகளில் பல நாடுகளில் நிலக்கரித் தார் இருக்கிறது, அதில் பென்சோபைரீன் மாதிரி புற்றுநோய் உண்டாக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் பிட்டுமினில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அப்படிப்பட்ட கழிவை லிமோனீனில் கரைத்தால் நஞ்சும் சேர்ந்து கரைந்து, நீங்கள் மீட்ட பிட்டுமின் என்று ஆசையாக எடுத்து வைத்ததிலேயே போய் உட்காரும். கழிவைச் சூடாக்கும் பிளாண்டில் அது ஆவியாக வேலையாட்கள் மூக்கில் ஏறும்.

நெதர்லாந்தில் 2001லிருந்து தார் கலந்த கழிவைச் சாலைக்குத் திரும்பப் போட விடுவதில்லை, அந்த ஹைட்ரோகார்பன்கள் கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டினால் அது தார்க் கழிவு. அதை உயர் சூட்டு உலையில் எரித்து, நஞ்சை முழுசாக அழித்துவிட்டுக் கல்லையும் மணலையும் மட்டும் மீட்கிறார்கள், சூட்டையும் வீணாக்காமல் மின்சாரமாக்குகிறார்கள். எரிப்பது பசுமையா என்று கேட்கலாம், இந்த ஒரு இடத்தில் அதுதான் சரியான பிரிப்பு.

கண்டுபிடிக்க எளிய முதல் சோதனை உண்டு. வெட்டிய துண்டின்மேல் அதற்கென்றே விற்கும் வெள்ளைப் பூச்சைத் தெளிப்பார்கள், தார் இருந்தால் வெள்ளை மெல்ல மஞ்சளாகிப் பழுப்பேறும், புற ஊதா விளக்கில் பிடித்தால் மஞ்சள் பச்சையாக ஒளிரும். நிறம் மாறினால் ஆய்வகத்துக்கு அனுப்பி அளக்க வேண்டும். சகோதரி, உங்கள் கழிவு எந்த வயது சாலையிலிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை அதைச் சூடாக்காதீர்கள், கையுறை இல்லாமலும் தொடாதீர்கள்.

வேதிக்குடுவை:

கருநிழல் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு வழியும் உங்கள் காதில் போட்டு வைக்கிறேன், புராஜெக்டில் செய்ய முடியாவிட்டாலும் படிக்கலாம். கனடாவில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் பிலிப் ஜெசப் குழு, வேண்டும்போது குணத்தை மாற்றிக்கொள்ளும் கரைப்பான்கள் (switchable solvents) என்று ஒரு வகையில் வேலை செய்தது. அமீன் என்ற நைட்ரஜன் சேர்ந்த சில திரவங்கள் சாதாரணமாகத் தண்ணீரோடு சேராது, எண்ணெயைக் கரைக்கும். அதில் கார்பன் டையாக்சைடைக் குமிழியாக விட்டால் அதே திரவம் தண்ணீரோடு கலந்துவிடும், கரைந்திருந்த எண்ணெய் தனியே நின்றுவிடும். பிறகு லேசாகச் சூடாக்கி வாயுவை வெளியேற்றினால் கரைப்பான் பழைய குணத்துக்குத் திரும்பும். கொதிக்க வைத்து வடிக்கிற வேலையே இல்லை. எண்ணெய் மணலில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த அமீன்களே தோலுக்கும் மூச்சுக்கும் நல்லதல்ல, கொஞ்சம் பிட்டுமினோடு தங்கவும் செய்யும். யோசனை அழகு, டன் கணக்கில் கொட்டிக் கிடக்கிற சாலைக் கழிவுக்கு அது இறங்கி வர இன்னும் தூரம் இருக்கிறது.

சாலைமாணவி:

சாலையின் வயதைக் கேட்டுவிட்டேன். சுரண்டியது மேலடுக்கை மட்டும்தான், அது பிட்டுமின் என்று பதிவேட்டிலேயே இருக்கிறது. இருந்தாலும் அந்தப் பூச்சு கிடைத்ததும் தெளித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

திட்டத்தை மாற்றிக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போடாமல் முதலில் சல்லடை. பெரிய ஜல்லியை உலர்வாகவே உருட்டி உரசிப் பார்க்கிறேன், உருளையில் ஜல்லியோடு கொஞ்சம் எஃகு குண்டும் போட்டு. பொடியைப் பிரிக்கப் போவதில்லை, அதைப் பிட்டுமினோடு அப்படியே புதுக் கலவைக்கு அனுப்பலாம் என்று எழுதப் போகிறேன். நடு அளவுக் கருங்கல்லுக்கு மட்டும் குமிழி விட்ட சுடுநீர், அதே தண்ணீரில் ஐந்து சுற்று, ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அளவு. லிமோனீனைச் சோதனை மாதிரிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், மூடிய கலத்தில், விசிறி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு.

நேற்று காற்றுக் கல்லை வைத்து ஒரு சின்ன முயற்சி செய்தேன், பழைய மாதிரியில் இல்லை, புதுக் கருங்கல்லில் நானே பிட்டுமின் பூசி. கறுப்பு மணிகள் குமிழியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மேலே வந்தன. மேலே வந்து குமிழி உடைந்ததும் பாதி மறுபடி முங்கிவிட்டது. உடையும் முன்பே வழித்தெடுக்க வேண்டும் போலிருக்கிறது. யாராவது செய்து பார்த்திருந்தால் எதை வைத்து வழித்தீர்கள் என்று சொல்லுங்கள், எஃகு கரண்டியில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது.

பிளாண்ட்காரன்:

கரண்டியை முதலில் தண்ணீரில் நனைத்துவிட்டு வழியுங்கள், தங்கச்சி. லாரியின் தொட்டியில் கலவை ஒட்டாமல் இருக்க நாங்கள் ஏற்றுவதற்கு முன்னால் சோப்புத் தண்ணீர் தெளிப்போம், டீசல் தெளித்தால் பிட்டுமினைக் கரைத்துக் கெடுத்துவிடும். ஆனால் உங்கள் பாத்திரத்துக்குள் சோப்பு போகக் கூடாது, வெறும் தண்ணீரே போதும், ஒவ்வொரு முறையும் நனையுங்கள்.